யங்கோனில் இருக்கும் நண்பருக்குப் புற்றுநோய்: புதிய சிகிச்சைகளையும் மருந்துப் பரிசோதனைகளையும் தேடுவது எப்படி?

மியன்மாரில் 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, வேலைக்குச் செல்ல மறுத்து ஒத்துழையாமை இயக்கத்தை முதலில் தொடங்கியவர்கள் அரச வைத்தியசாலைகளின் வைத்தியர்களும் தாதியரும்தான். அவர்களில் பலர் பின்னர் பணிக்குத் திரும்பவில்லை. அதே மாதம் முகநூலும் தடைசெய்யப்பட்டது. நம் மூத்தோர் ரங்கூன் என்று சொல்லும் யங்கோனில் இன்று ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரியவந்தால், அடுத்த வழியைத் தேடும் வேலை வெளிநாட்டில் இருக்கும் நண்பர் அல்லது உறவினர் தலையில் விழுவது இதனால்தான். 1962க்குப் பின் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே இன்றும் சொந்தபந்தம் உண்டு. அப்படித் தேடுவோருக்கான வழிகாட்டி இது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருப்பவருக்காகத் தேடுவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தேடுமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நோயாளியின் சம்மதம். அவர் என்ன விரும்புகிறார், எவ்வளவு தூரம் பயணம் செய்யத் தயார் என்பதை அவரிடமே கேளுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் கேட்டுத் தொடங்கும் தேடல் பாதியில் நிற்கும்.

அடுத்தது ஆவணங்கள். "ஈரலில் கட்டி" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த ஆய்வு நிலையத்துடனும் பேச முடியாது. பயாப்சி அறிக்கை, நோயின் நிலை, ஸ்கேன் படங்கள் அடங்கிய வட்டு, இதுவரை பெற்ற மருந்துகளும் அவற்றின் திகதிகளும், சிறுநீரக மற்றும் ஈரல் இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் தேவை. பயாப்சி எடுத்த திசுவை ஆய்வுகூடம் மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருக்கும். அதையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மரபணு மாற்றங்களைக் கண்டறியும் சோதனைகளுக்கு அந்தக் கட்டிதான் வேண்டும்.

நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்பதையும் கேட்பார்கள். ஈ.சி.ஓ.ஜி. என்ற அளவுகோலில் 0 என்றால் வழமைபோல் இயங்குபவர். 4 என்றால் முழுவதும் படுக்கையில் இருப்பவர். பெரும்பாலான பரிசோதனைகள் 0 அல்லது 1 உள்ளவர்களையே சேர்க்கும். சில 2 வரை ஏற்கும். ஆகவே, "எல்லா மருந்தும் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருந்தால் வாசல் மூடிவிடும்.

மியன்மாரில் ஹெபடைடிஸ் பி தொற்று பரவலாக உண்டு. அதற்கான இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. நாட்டு மருந்து எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்துப் பரிசோதனை என்பது என்ன?

கிளினிக்கல் ட்ரையல் எனப்படும் மருந்துப் பரிசோதனை மூன்று முக்கிய கட்டங்களாக நடக்கும். முதற்கட்டம் சில பத்துப் பேரிடம், மருந்தின் பாதுகாப்பையும் அளவையும் அறிவதற்காக நடப்பது. அதில் நோயாளிக்கு நேரடிப் பலன் கிடைக்கலாம், ஆனால் ஆய்வின் நோக்கம் அதுவல்ல. இரண்டாம் கட்டம் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும். மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கானோரிடம், வழமையான சிகிச்சையுடன் ஒப்பிட்டு நடக்கும். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கும். நோயாளியோ வைத்தியரோ தெரிவுசெய்ய முடியாது.

எங்கே தேடுவது?

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் உலகின் மிகப் பெரிய பதிவேடு. இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2007இல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கும் பரிசோதனைகள் அதில் பதிவாவது கட்டாயம். தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் தனிப் பதிவேடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.ஆர்.பி. தேடுதளம் இவற்றை ஒரே இடத்தில் காட்டும். எல்லாமே இலவசம்.

நோயின் பெயர், நாடு, "ஆட்கள் சேர்க்கப்படுகிறார்கள்" என்ற நிலை ஆகிய மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். பிறகு சேர்க்கும் நிபந்தனைகளையும் விலக்கும் நிபந்தனைகளையும் வரிவரியாகப் படியுங்கள். முன்பு எத்தனை வகை மருந்து பெற்றிருக்கலாம், கடைசி மருந்துக்குப் பின் எத்தனை வாரம் கழிய வேண்டும் என்பவை அங்கே இருக்கும். பொருந்துவதாகத் தோன்றினால், பதிவிலுள்ள தொடர்பாளருக்கு ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்புங்கள். நோயாளியின் வைத்தியரும் கடிதத்தில் இணைந்தால் பதில் விரைவாக வரும்.

யங்கோனிலிருந்து போக முடியுமா?

பரிசோதனையில் சேர்ந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் அந்த நகரிலேயே தங்க வேண்டும். யங்கோனிலிருந்து பாங்கொக் மிக அருகில். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு வைத்தியசாலை ஆகியவற்றில் மொழியோ உறவோ துணை நிற்கும். இந்திய மருத்துவ விசாவில் நோயாளியுடன் உதவியாளர் இருவர் வரை செல்லலாம். ஆனால் 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் 18 முதல் 35 வயது வரையான ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறுவது கடினமாகிவிட்டது. மகனை நம்பிப் பயணத் திட்டம் போடாமல், வயதில் மூத்த ஒருவரைத் துணையாக ஏற்பாடு செய்வது நல்லது.

பணம் அனுப்புவதும் சிக்கலே. 2022 ஒக்டோபரில் எப்.ஏ.டி.எப். எனும் சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பு மியன்மாரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததால், வெளிநாட்டு வங்கிகள் அங்கு செல்லும் பணத்தைத் துருவிப் பார்க்கின்றன. சிகிச்சைச் செலவை நீங்களே சென்னை அல்லது பாங்கொக் வைத்தியசாலையின் கணக்குக்கு நேராகச் செலுத்துவது எளிது.

நோயாளி போக முடியாவிட்டால், ஆய்வின் முடிவு போகலாம்

தேடுவோர் பலர் தவறவிடும் வழி இது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் மியன்மாரில் நம் ஊர்களைப் போலவே அதிகம். வாய்ப் புற்றுநோயும் அப்படியே. டாடா நினைவு வைத்தியசாலை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2022இல் வெளியானது. மலிவான மாத்திரைகளுடன், நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழமையான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். ஓராண்டின் பின் உயிருடன் இருந்தோர் 16.3 வீதத்திலிருந்து 43.4 வீதமாக உயர்ந்தனர்.

2023இல் வெளியான இன்னொரு டாடா ஆய்வு, மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் என்ற சாதாரண மரப்பு மருந்தை ஏற்றிப் பார்த்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86.4 வீதத்திலிருந்து 90.1 வீதமாகக் கூடியது.

இப்படியான முடிவுகளை யங்கோன் வைத்தியரிடம் கொடுத்து, "இவருக்கு இது பொருந்துமா?" என்று கேட்பதற்கு விமானச்சீட்டு தேவையில்லை. முடிவெடுப்பது வைத்தியரின் பொறுப்பு. தாளைத் தேடிக் கொடுப்பது நம்மால் முடியும்.

பரிசோதனை முடிந்து அனுமதி பெற்ற சிகிச்சைகளும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நிலையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 எனும் கார்-டி உயிரணுச் சிகிச்சைக்கு 2023 ஒக்டோபரில் இந்தியா அனுமதி அளித்தது. சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமானது. அதன் விலை 30 முதல் 40 இலட்சம் இந்திய ரூபாய் என்று சொல்லப்பட்டது. அமெரிக்காவில் இதே வகைச் சிகிச்சை 2017இல் 3,73,000 டொலர் அல்லது அதற்கும் மேல். அனுமதி பெறாத மருந்தைத் தனிநபருக்குக் கருணை அடிப்படையில் தரும்படி நோயாளியின் வைத்தியர் மருந்து நிறுவனத்திடம் கேட்கவும் முடியும்.

ஏமாறாதிருக்க

திருவனந்தபுரம் பிராந்திய புற்றுநோய் நிலையத்தில் 1999-2000 காலத்தில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் வேதிப்பொருள் இருபதுக்கும் மேற்பட்ட வாய்ப் புற்றுநோயாளிகளின் கட்டிகளுக்குள் ஏற்றப்பட்டது. 2001இல் விடயம் வெளிவந்தது. ஆய்வாளர் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியைப் பெறவில்லை என்றும், மனிதருக்கு ஏற்றுமுன் விலங்குகளில் போதிய பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை என்றும் அப்பல்கலைக்கழக விசாரணை கண்டது. பெரிய பெயர்களை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. பதிவெண், நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளிக்குப் புரியும் மொழியில் சம்மதப் படிவம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பர்மிய மொழியே தெரிந்தவருக்கு ஆங்கிலப் படிவம் போதாது. எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆய்வு மருந்துக்கே பெருந்தொகை கேட்பவர்களிடமும், "ஸ்டெம் செல்லால் எல்லாப் புற்றுநோயும் குணமாகும்" என்பவர்களிடமும் விலகி நில்லுங்கள்.

வலிக்கான சிகிச்சையைப் பின்போடாதீர்கள்

2010இல் அமெரிக்காவில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்பை ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் மனநிலை மேம்பட்டது, சராசரியாக 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். ஆகவே வலிநிவாரணம் கேட்பது தேடலைக் கைவிடுவதாகாது. இரண்டும் ஒரே நாளில் தொடங்கலாம். பொருந்தும் பரிசோதனை எதுவும் கிடைக்காவிட்டால் அதையும் நண்பரிடம் நேராகச் சொல்லுங்கள். அவருக்கு இருக்கும் நாட்களை எங்கே, யாருடன் கழிப்பது என்று தீர்மானிக்க அந்த உண்மை அவருக்குத் தேவை.