பூட்டில்லாமல் கிளம்பிய நூல்

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பிடிஎஃப் கோப்பு இணையத்தில் ஏறியது. கிட்டத்தட்ட 200 பக்கம். 'அன்லீஷிங் தி ஐடியாவைரஸ்' என்று பெயர். எழுதியவர் சேத் கோடின். பொதுவாக ஒரு நூலின் உரிமைப் பக்கம், வாசகர் என்னென்ன செய்யக்கூடாது என்று பட்டியல் போடும்: படி எடுக்காதே, சேமிக்காதே, வேறு யாருக்கும் அனுப்பாதே. இந்த நூலின் உரிமைக் குறிப்பு நேர்மாறாக இருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் மின்னஞ்சலில் அனுப்பலாம், அச்செடுத்துக் கொடுக்கலாம், இணையத்தில் ஏற்றலாம், காசு வேண்டாம். உள்ளே ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. பைண்டு செய்து புத்தகமாக விற்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே என்பது இன்னொன்று. அவ்வளவுதான்.

இணைய விளம்பரத்துக்கு மின்நூலைப் பயன்படுத்துவது இன்று மிகச் சாதாரணம். மென்பொருள் நிறுவனம் முதல் யோகா ஆசிரியர் வரை எல்லோரும் ஒரு இலவச மின்நூல் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதே இல்லை. கோடினின் கோப்பு ஏன் போனது, பின்னால் வந்தவை ஏன் நின்றுவிட்டன என்பதற்கான விடை அந்த ஒரு கோப்பின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

உடலும் பிறப்பும்

கோப்புக்கு முதலில் ஓர் உடல் வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுத்தது அடோபி நிறுவனம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற யோசனையை, அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக் 'கேம்லாட்' என்ற குறிப்பாக எழுதினார். 1993இல் அது பிடிஎஃப் என்ற வடிவமாகவும் அக்ரோபாட் என்ற மென்பொருளாகவும் வெளிவந்தது. தொடக்கத்தில் பிடிஎஃப் கோப்பைப் படிக்க உதவும் ரீடருக்கே 50 டாலர் விலை. படிப்பதற்கே காசு என்றால் கோப்பு எப்படிப் பரவும்? விரைவிலேயே ரீடரை இலவசமாக்கி, கோப்பை உருவாக்கும் மென்பொருளுக்கு மட்டும் விலை வைத்தார்கள். அதன் பிறகுதான் பிடிஎஃப் ஊரெல்லாம் போனது. படிப்பவருக்கு வழியைத் திறந்துவிட்டு வேறோர் இடத்தில் காசு பார்க்கும் முறை, கோடினின் நூலுக்கு முன்பே அந்த வடிவத்தின் பிறப்பில் இருந்தது.

கோடின் விளம்பரத் துறைக்காரர். 1990களில் 'யோயோடைன்' என்ற நிறுவனத்தை நடத்தினார். இணையத்தில் போட்டிகளும் விளையாட்டுகளும் வைத்து, பங்கேற்பவர்களின் சம்மதத்தோடு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது அதன் தொழில். 1998இல் யாஹூ அதை வாங்கியது. மறுஆண்டு அவருடைய 'பெர்மிஷன் மார்க்கெட்டிங்' நூலை சைமன் அண்ட் ஷூஸ்டர் வெளியிட்டது. ஒருவர் வேலையில் குறுக்கிட்டுக் கத்துவதை நிறுத்துங்கள், அவரிடம் அனுமதி கேட்டுப் பேசுங்கள் என்பது அந்நூலின் சாரம். அதன் முதல் நான்கு அத்தியாயங்களை, மின்னஞ்சலில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் இலவசமாக அனுப்பினார். பிற்காலத்தில் முழு நூலையே அனுப்பியதற்கு இதுதான் ஒத்திகை.

அடுத்த நூலில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நிறுவனம் பேசி வாடிக்கையாளர் கேட்பதை விட, வாடிக்கையாளர் ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதுதான் வலிமையானது என்றார். கருத்து, நோய்க்கிருமி போல ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது. அப்படித் தொற்ற வைப்பவர்களை அவர் 'தும்முபவர்கள்' என்றே அழைத்தார். ஹாட்மெயிலை உதாரணம் காட்டினார். 1996இல் தொடங்கிய அந்தச் சேவையில், யார் கடிதம் அனுப்பினாலும் அதன் அடியில், நீங்களும் இலவசக் கணக்கு தொடங்கலாம் என்ற வரி தானாகச் சேர்ந்துகொள்ளும். கடிதம் எழுதுபவரே தன்னை அறியாமல் விளம்பரம் செய்பவராகிவிடுவார்.

இப்படி ஒரு கருத்தைச் சொல்லும் நூலை எப்படி வெளியிடுவது? கோடின் தான் சொன்னதையே செய்து காட்டினார். பதிப்பகத்துக்குப் போகாமல் முழு நூலையும் கோப்பாக்கி இலவசமாக விட்டார்.

அதே ஆண்டு, வேறு வழி

அந்த 2000ஆம் ஆண்டின் மார்ச் மாதம் நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிங் 'ரைடிங் தி புல்லட்' என்ற குறுநாவலை மின்நூலாக மட்டும் வெளியிட்டிருந்தார். விலை இரண்டரை டாலர். முதல் 24 மணி நேரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கேட்டு மொய்க்க, சர்வர்கள் திணறின. யாரும் நகல் எடுக்காதபடி கோப்பு பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பூட்டையும் சிலர் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். ஜூலையில் கிங் இன்னொன்றை முயன்றார். 'தி பிளான்ட்' என்ற கதையைப் பகுதி பகுதியாகத் தானே வெளியிட்டு, படிப்பவர்கள் நேர்மையாக ஒரு டாலர் செலுத்த வேண்டும், 75 சதவீதம் பேராவது செலுத்தினால்தான் தொடர்வேன் என்றார். ஆண்டு முடியுமுன் ஆறாவது பகுதியோடு அது நின்றுபோனது.

கிங் கோப்பையே விற்றார். அதனால் ஒவ்வொரு நகலும் அவருக்கு இழப்பு. கோடின் கோப்பைக் கொண்டு வேறொன்றை விற்றார். அதனால் ஒவ்வொரு நகலும் அவருக்கு வரவு. இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே இணையம். விற்கும் பொருள் எது என்ற முடிவில்தான் வேறுபாடு.

கையிலிருந்து கைக்கு

2000இல் பெரும்பாலான வீடுகளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. 56 கிலோபிட் மோடத்தில் ஒரு மெகாபைட் இறங்க மூன்று நிமிடம் பிடிக்கும். நண்பருக்கு ஒரு பெரிய கோப்பை அனுப்பினால் அவருடைய அஞ்சல் பெட்டியே அடைத்துக்கொள்ளும். கோடினுக்கு இது தெரியும். நூலின் முன்பகுதியில், இதைப் பரப்ப விரும்புபவருக்கென்றே ஒரு பட்டியல் வைத்தார். நண்பருக்கு அனுப்புங்கள், ஆனால் கோப்பு பெரிது, முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அல்லது முகவரியைக் கொடுங்கள், அவரே இறக்கிக்கொள்ளட்டும். வேண்டிய அளவு அச்செடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டைப் புத்தகமாக வேண்டுமென்றால் வாங்குங்கள்.

இந்தப் பட்டியலை நான் அந்த நூலின் மிக முக்கியமான பக்கமாக நினைக்கிறேன். பரப்பும் வேலையை வாசகரிடம் ஒப்படைக்கிறோம் என்றால், அதை எளிதாக்கித் தர வேண்டிய கடமை நமக்கு உண்டு. எப்படி அனுப்புவது, அனுப்பினால் தவறாகுமா, நண்பருக்குத் தொந்தரவாகுமா என்ற மூன்று தயக்கங்களும் வாசகர் மனத்தில் இருக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் அவர் தீர்த்துவைத்தார்.

வெளியிலிருந்தும் துணை வந்தது. தொழில் உலகினர் படிக்கும் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழ் நூலின் சாரத்தைக் கட்டுரையாக வெளியிட்டது. அதே ஆண்டு 'தி டிப்பிங் பாயின்ட்' நூலால் பேசப்பட்ட மால்கம் கிளாட்வெல் முன்னுரை எழுதினார். அலுவலகங்களில் ஒருவர் இறக்கி, அச்செடுத்து, பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவிறக்கினார்கள் என்று கோடின் பின்னாளில் தன்னைப் பற்றிய குறிப்பில் எழுதினார். கைமாறிய அச்சுப் பிரதிகள் அந்தக் கணக்கில் வரவே வராது.

காகிதத்துக்குத் திரும்பியது

அதன் பிறகு கோப்பு ஒரு புது உடல் எடுத்தது. 200 பக்கத்தை அன்றைய கணினித் திரையில் படிப்பது கண்ணுக்கு வேதனை. வீட்டு அச்சுப்பொறியில் எடுத்தால் மைக்கும் தாளுக்கும் செலவு, கையில் மிஞ்சுவது உதிரித் தாள்கள். நல்ல புத்தகமாகக் கிடைக்குமா என்று நினைப்பவர்களுக்கு, அவருடைய சொந்த நிறுவனமான 'டூ யூ ஜூம்' கெட்டி அட்டைப் பதிப்பை வெளியிட்டது. உரிமைக் குறிப்பில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட அந்த ஒரே உரிமை இங்கே வேலை செய்தது. அமேசானின் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நூல் 5ஆம் இடத்தையும், ஜப்பான் பட்டியலில் 4ஆம் இடத்தையும் தொட்டதாக அதே குறிப்பு சொல்கிறது. 2001இல் ஹைப்பீரியன் பதிப்பகம் அதைச் சாதா அட்டையில் கொண்டுவந்தது. பதிப்பகத்தைத் தேடிப் போகாத நூலைப் பதிப்பகமே தேடி வந்தது.

இலவசமாகக் கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே படித்தவர்கள். பிடித்திருந்ததால் அலமாரியில் வைக்கவும், மேலாளருக்குக் கொடுக்கவும், ஓரத்தில் குறிப்பெழுதவும் ஒரு பிரதி வேண்டியிருந்தது. படித்துப் பிடித்தபின் வாங்குபவரிடம் புத்தகத்தைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலவசப் பிரதி அச்சுப் பிரதியை விற்றது. இரண்டும் சேர்ந்து கோடினின் அடுத்த நூல்களுக்கு வாசகர்களைத் தேடித் தந்தன. 2003இல் வந்த 'பர்ப்பிள் கவ்' நூலை முதலில் பால் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அவரே விற்றபோது, அவர் பெயரை அறிந்த ஒரு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது.

வாரிசுகள்

கோப்பு பல வாரிசுகளைப் பெற்றது. 2004இல் கோடின் 'சேஞ்ச்திஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்லும் சிறு பிடிஎஃப் நூல்களைத் திரட்டி இலவசமாகப் பரப்புவது அதன் வேலை. நாவலாசிரியர் கோரி டாக்டரோ 2003இல் தன் முதல் நாவலை டோர் பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தபோதே, பகிர்வதை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்திலும் விட்டார்.

வாரிசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது டேவிட் மீர்மன் ஸ்காட்டுடையது. அவர் மக்கள் தொடர்புத் துறை ஆலோசகர். 2006 ஜனவரியில் 'தி நியூ ரூல்ஸ் ஆஃப் பி.ஆர்.' என்ற சிறு மின்நூலை இலவசமாக வெளியிட்டார். பத்திரிகைக் குறிப்பைப் பத்திரிகைக்காரருக்கு மட்டும் எழுதாதீர்கள், இணையத்தில் தேடி வரும் வாங்குபவருக்கே நேராக எழுதுங்கள் என்பதுதான் செய்தி. பெயரோ மின்னஞ்சலோ கேட்கவில்லை. மறுஆண்டே வைலி பதிப்பகம் அதை விரித்த முழு நூலாக்கி வெளியிட்டது. அது பல பதிப்புகள் கண்டு, பல மொழிகளுக்குப் போய், பாடநூலாகவும் ஆனது. படிவம் வைத்தால் கையில் பெயர்கள் கிடைக்கும், படிவம் வைக்காவிட்டால் நூல் பரவும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று ஸ்காட் தொடர்ந்து வாதிட்டார்.

அவர் வாதிட வேண்டிவந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில் வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டும் மென்பொருள்கள் பெருகின. மின்நூலுக்கு முன்னால் ஒரு படிவம் முளைத்தது: பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், நிறுவனம், பதவி. நிரப்பினால்தான் நூல். நிரப்பிய அரை மணி நேரத்தில் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு. நூல், எலிப்பொறிக்குள் வைத்த மசால்வடையாகிவிட்டது. பொறிக்குள் வைப்பதை யாரும் அக்கறையோடு சுடுவதில்லை. பெரிய எழுத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம், பாதி படங்கள், கடைசிப் பக்கத்தில் நிறுவனத்தின் புகழ். வாசகரும் கற்றுக்கொண்டார், பொய்யான மின்னஞ்சலை நிரப்பிவிட்டு இறக்கினார். இப்படி வந்த கோப்பை அவர் நண்பருக்கு அனுப்புவாரா?

சட்டமும் இதைக் கவனித்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள், சம்மதம் என்பது தானாக விரும்பித் தருவதாக இருக்க வேண்டும் என்றன. நூலை இறக்கியதாலேயே விளம்பர அஞ்சலுக்கும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிபந்தனையற்ற, தெளிவான சம்மதத்தையே கேட்கிறது. 1999இல் கோடின் நல்ல வியாபார முறை என்று சொன்னது பிறகு சட்டத்தின் வாக்கியமானது.

கடைக்குள் நுழைந்த இலவசம்

2007இல் அமேசானின் மின்நூல் கருவியான கிண்டில் வந்தது. யாரும் தங்கள் நூலைத் தாங்களே ஏற்றி விற்கலாம் என்றானது. 2011 டிசம்பரில் அமேசான் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 90 நாள் வேறெங்கும் மின்நூலாக விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், அதில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். 2016 இறுதியில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு அங்கே கதவு திறந்தது. அதிலிருந்து தமிழ் எழுத்தாளர்கள் பலரும், இன்று முதல் இத்தனை நாள் என் நூல் இலவசம் என்று முகநூலில் அறிவிப்பதைப் பார்க்கிறோம். ஒரு தொடரின் முதல் பாகத்தை இலவசமாகக் கொடுத்து அடுத்தடுத்த பாகங்களுக்கு வாசகரைப் பிடிப்பது நல்ல உத்தி. ஆனாலும் இங்கே இறக்கிய நூலை வாசகர் பொதுவாக இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பரப்பும் வேலை கடையின் பட்டியலிடம் போய்விட்டது.

கோடினின் கோப்போ இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. 2008இல் பிடிஎஃப் உலகத் தர அமைப்பின் பொதுத் தரமானதால், கால் நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் கோப்பு இன்றைய கைபேசியிலும் பக்கம் பிசகாமல் திறக்கிறது.

சொந்தமாக மின்நூல் வெளியிட்டுத் தொழிலை வளர்க்க நினைப்பவர் இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நூலைச் சுமந்து செல்பவர் வாசகர். தனக்குப் பயன்பட்டதை மட்டுமே அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். உங்கள் தொழிலில் நீங்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லும் விஷயத்தில் ஒரு முழுப் பகுதியை, பாதியில் நிறுத்தாமல், நூலில் சொல்லுங்கள். யாருக்கும் அனுப்பலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எதை விற்கப் போகிறீர்கள் என்பதை முன்பே தீர்மானித்து, அந்த ஒன்றை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வேண்டுமென்றால் நூலின் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள். முழுதும் படித்து முடித்தவர் தரும் ஒரு முகவரி, வாசலில் மறித்து வாங்கிய நூறு முகவரிகளை விட உங்களுக்கு உதவும்.