சுதந்திரப் பள்ளும் ஒலிப்பதிவு உரிமையும்: ‘ஆடுவோமே’ பாடலின் ஒலிவடிவ வரலாறு

பாரதியார் 1921இல் மறைந்தார். நாடு விடுதலை பெற்றது 1947இல். விடுதலை கிட்டிவிட்டதாகவே எண்ணிக் களிக்கும் ‘ஆடுவோமே’ பாடல், அவ்வகையில் கால் நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. இப்பாடலின் புகழைப் பேசுவோர் பெரும்பாலும் டி.கே. பட்டம்மாளின் குரலையும் ‘நாம் இருவர்’ திரைப்படத்தையும் குறிப்பிட்டு நின்றுவிடுகின்றனர். பாரதி படைப்புகளின் பதிப்புரிமை வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வரலாற்றை இவ்வொரு பாடலின் ஒலிவடிவத்தோடு பொருத்திக் காண இக்கட்டுரை முயல்கிறது.

அச்சுப் பதிப்புகளில் இப்பாடல் ‘சுதந்திரப் பள்ளு’ என்னும் தலைப்பையும் ‘பள்ளர் களியாட்டம்’ என்னும் குறிப்பையும் கொண்டது. பள்ளு, உழுதொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட சிற்றிலக்கிய வகை. முக்கூடற்பள்ளு இதற்குச் சிறந்த சான்று. மரபான பள்ளில் விளைச்சல் பண்ணைக்காரனுக்கு உரியது. பாரதியோ நாட்டின் விடுதலையை அறிவிக்கும் உரிமையையே அவ்வுழவரிடம் அளிக்கிறார். பாடுவோர் யார் என்பதே இங்குப் பாடலின் அரசியல்.

பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை, நூல் வெளியிடும் உரிமையினின்று பிரிந்து தனியே விலைபோனது. அது சூரஜ்மல் லல்லுபாய் என்னும் நகை வணிக நிறுவனத்தைச் சார்ந்த ஜேசிங்லால் மேத்தாவிடம் இருந்தது. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பன் அதனை விலைக்குப் பெற்றார். சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வணிகத்தில் பழகியவர் அவர். எழுத்தைவிட ஒலிக்குச் சந்தை பெரிது என்பதை அறிந்திருந்தார். எழுத்தறிவு குறைந்திருந்த அன்றைய தமிழகத்தில் அக்கணிப்பு பிழையானதன்று.

காரைக்குடியில் படமாக்கப்பட்ட ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில், விடுதலைக்கு ஏழு திங்கள் முன்னர் வெளிவந்தது. ஆர். சுதர்சனத்தின் இசையில் பட்டம்மாள் பாட, குழந்தை நட்சத்திரம் கமலா ஆடினார். ‘தியாக பூமி’ (1939) தொட்டே தேசியப் பாடலுக்காகத் திரைக்குக் குரல் தந்தவர் பட்டம்மாள். விடுதலை நாளையொட்டி வானொலியிலும் இப்பாடலை அவரே பாடினார். கற்பனைக் களியாட்டம் நிகழ்காலச் செய்தியானது அப்போதுதான்.

ஆயின் இப்பரவலுக்கு ஒரு விலையும் உண்டு. அச்சில் தலைப்பாக நிற்கும் ‘பள்ளர் களியாட்டம்’ செவிக்கு எட்டுவதில்லை. வயல்வெளிக்கு உரிய குரல், கருநாடக இசைப்பயிற்சி பெற்ற குரலாகவும் மேடை நடனமாகவும் வடிவம் மாறியபோது, ‘நாம்’ என்னும் தன்மைப் பன்மை உழவரைவிட்டு நாட்டு மக்கள் அனைவரையும் குறிக்கலாயிற்று. பாடல் தேசியமானதற்கும், உழவர் அதன் பின்னணிக்குச் சென்றதற்கும் காரணம் ஒன்றே. பட்டம்மாளின் பாட்டுத்திறனை இது எவ்விதத்திலும் குறைத்து மதிப்பிடுவதன்று.

உரிமைச் சிக்கல் மறுஆண்டே வெளிப்பட்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ (1948) படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது மெய்யப்பன் தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. பாரதி மக்களின் சொத்தாக வேண்டும் என்னும் கோரிக்கைக்கு டி.கே. சண்முகம் முன்னின்றார். எல்லோரும் சமம் என்று முழங்கிய கவிஞரின் பாட்டை ஒருவர் மட்டுமே பதிவு செய்யலாம் என்னும் நிலை தமிழறிஞர்களுக்கும் ஏற்புடையதாக இல்லை. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949இல் பாரதி படைப்புகளை அரசுடைமையாக்க முன்வந்தது. மெய்யப்பனும் தம் உரிமையை அரசிடம் விட்டுக்கொடுத்தார்.

மெய்யப்பனை வணிகர் என்று மட்டும் கூறி ஒதுக்குவது எளிது. அவரது முதலீடு இன்றேல் இப்பாடல் இத்தனை விரைவில் சிற்றூர்த் திரையரங்குகளை எட்டியிராது. அவ்வுரிமை அவரிடமே நிலைத்திருப்பின் பிறர் பாடவும் இயன்றிராது. 1949க்குப் பின் எவரும் புதுமெட்டில் இதனைப் பதியலாம் என்றானது. எனினும் இன்றளவும் பள்ளி விழாக்களில் பெரிதும் ஒலிப்பது அந்தத் திரைப்பட மெட்டே.