பெயர் போட்டவர்கள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், சரித்திரமாக இருக்கட்டும், சொந்தப் புராணம் வேண்டாம் என்று சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். சரித்திரம்தான் எழுதப் போகிறேன். நடுவில் கொஞ்சம் சொந்தப் புராணமும் வரும். அதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும். இந்தச் சரித்திரம் எனக்கு விளங்கியதே அந்த வழியில்தான்.

நான் கிள்ளைக்காரன். பொழுது சாயும் நேரத்தில் கொக்குக் கூட்டம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குத் திரும்புவதை எங்கள் ஊரில் யாரும் நின்று பார்ப்பதில்லை. தினமும் நடப்பதுதானே. என் பாட்டனார் மட்டும் பார்ப்பார். பார்த்துக்கொண்டே ஒரு பழைய நாடகப் பாட்டை முணுமுணுப்பார். "கொக்குப் பாட்டுக்கு ஏன் தாத்தா சிரிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "இது கொக்கைப் பத்தின பாட்டு இல்லடா. வெள்ளைக்காரனைப் பத்தினது. அப்ப இதைப் பாடினா போலீஸ் வரும்" என்றார்.

மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது என்று சொல்லப்படும் பாட்டு அது. பாடிப் பரப்பியவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிறாள் அல்லவா, அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடிவிட்டால் சட்டத்துக்கு அதில் என்ன வேலை? ஆனால் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அர்த்தம் புரிந்தது. போலீசுக்கும் புரிந்தது. தாஸ் பலமுறை கைதானார். வெளியே வந்ததும் மறுபடி மேடையேறிப் பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. பாட்டை எழுதினவர் ஒருவர், அதற்காக விலங்கு மாட்டிக்கொண்டவர் இன்னொருவர் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கட்டுரை முழுவதும் நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

நாடகத்தைப் பிடிக்க ஒரு சட்டம் இருந்தது. அது பிறந்த கதையே ஒரு கேலிக் கதை. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது ஒரு வக்கீல் அவரைத் தன் வீட்டுப் பெண்கள் இருக்கும் பகுதி வரைக்கும் அழைத்துப் போய் உபசாரம் செய்தார். அதைக் கிண்டல் செய்து அங்கே நாடகம் போட்டார்கள். சர்க்காருக்குக் கோபம் வந்து 1876-இல் நாடகச் சட்டம் வந்தது. சுதந்திரம் வந்த பிறகாவது அது ஒழிந்ததா என்றால், சென்னை ராஜ்யம் 1954-இல் தனக்கென்று புதிதாக ஒன்று போட்டுக்கொண்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள்தான் அதற்குக் குறி என்று ஊரே பேசிக்கொண்டது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆனது. நம் ஆட்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்களைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள்!

கடலூருக்கு வருகிறேன். 1918 நவம்பர் 20 அன்று, புதுச்சேரியிலிருந்து எல்லை தாண்டிய பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் கடலூரில் சிறை. டிசம்பர் 14 அன்று, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விடுதலை. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அவர் பத்து வருஷம் புதுச்சேரியில் ஏன் இருக்க நேர்ந்தது என்பதை மட்டும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை.

1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகைதான் தமிழில் அரசியல் கேலிப்படத்தை முறையாகக் கொண்டுவந்தது. முகப்பிலேயே பெரிய படம், கீழே அதற்கு விளக்கம். கேலிப்படம் என்பதே தமிழ் வாசகருக்குப் புதிது, விளக்காவிட்டால் எப்படி? ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தப் படங்களைத் தொகுத்து 1994-இல் புத்தகமாகவே கொண்டுவந்தார். கல்லூரி நூலகங்களில் இருக்க வேண்டிய புத்தகம்.

பத்திரிகையின் உயிர் பாரதியார். ஆனால் சர்க்கார் பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்த பெயர் எம். சீனிவாசன். 1908-இல் ராஜத்துரோக வழக்கு வந்தது படங்களுக்காக அல்ல, கட்டுரைகளுக்காக. பாரதியாரை நண்பர்கள் வற்புறுத்தி பிரெஞ்சு எல்லைக்குள் அனுப்பினார்கள். பதிவேட்டுப்படி ஆசிரியரான சீனிவாசனுக்கு ஐந்து வருஷம் தண்டனை. புதுச்சேரியிலிருந்து 'இந்தியா' மறுபடி வெளிவந்தது. பிரிட்டிஷ் பகுதிக்குள் வரத் தடை போட்டார்கள். விற்பனை இங்கே, அச்சகம் அங்கே என்றால் எத்தனை நாள் தாங்கும்? 1910-இல் நின்றது.

பாரதியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சிறைக்குப் போயிருந்தால் புதுச்சேரியில் எழுதியதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் பாரதியாருக்குச் சிலை இருக்கிற ஊர் எத்தனை, சீனிவாசன் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? எனக்கே பி.ஏ. சரித்திரம் முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் அந்தப் பெயர் தெரியும். தெரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி வந்தது. பத்திரிகைகளுக்குச் சென்சார். நகைச்சுவைக்கென்றே டில்லியில் இருபத்தேழு வருஷம் நடந்த 'சங்கர்ஸ் வீக்லி' ஆகஸ்ட் மாதத்தோடு மூடிக்கொண்டது. சர்வாதிகாரிக்குச் சிரிப்பு ஆகாது என்ற பொருளில் சங்கர் எழுதிவிட்டுத்தான் கடையைக் கட்டினார். குளியல் தொட்டியில் கிடந்தபடியே ஜனாதிபதி அவசரச் சட்டங்களில் கையெழுத்துப் போடுவதாக அபு ஆப்ரஹாம் வரைந்த படம் டிசம்பரில் எப்படியோ சென்சாரைத் தாண்டி வந்துவிட்டது. 'கிஸ்ஸா குர்சி கா' என்ற இந்திப் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் பிரதிகளையே கொண்டுபோய் எரித்தார்கள்.

தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. ஆட்சி. எமர்ஜென்சியை எதிர்த்த ஆட்சி என்பதால் இங்கே மூச்சுவிடக் கொஞ்சம் இடம் இருந்தது. 'துக்ளக்' அட்டையைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்ததைக் கடையில் தொங்கவிட்டிருந்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அன்றோடு சரி. யார் யாரை மிசாவில் பிடித்தார்கள் என்றுகூடப் போட முடியாது. 'முரசொலி' ஒரு வழி கண்டுபிடித்தது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா சமாதிக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அவர்கள் ஏன் வர இயலவில்லை என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் கட்சி வேறாக இருந்தாலும் ரயிலில் அந்தத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம்.

அந்த வேகத்தில்தான் நாங்கள் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் கைவைத்தோம். ஒரே ஒரு பிரதி, கை கையாக மாறும். அந்த மாத அட்டைக்கு நான் படம் வரைந்தேன். பிச்சாவரத்துத் தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. சுற்றிலும் மீன்கள், ஒவ்வொன்றின் வாயிலும் பூட்டு. கரையில் ஒரு பலகை: 'இங்கே அமைதி நிலவுகிறது.' கொக்கின் தலையில் கறுப்புக் கொண்டை வைத்து, நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று விட்டேன். அவ்வளவுதான். அந்தக் கீற்று யாருடையது என்று அந்நாளில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஆசிரியர் என்று ஒரு பெயர் போட வேண்டும். என்னோடு கிள்ளை ஸ்டேஷனில் ரயிலேறுகிற முடசல் ஓடை நண்பன் சொன்னான்: "உன் பேரு வேணாம்டா. உங்கப்பா கர்ணம், நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். எங்கப்பாவுக்குப் படகும் வலையும்தான். அதை எவன் புடுங்குவான்? என் பேரப் போடு." நான் போட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாம் நாள் பத்திரிகை மேலிடத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெரியவர் யார் என்று எழுதப் போவதில்லை. அவரும் பயந்தவர்தான், அவர் வீட்டிலும் பிள்ளை குட்டி இருந்தது. பத்திரிகை தீக்குப் போனது. படம் போட்டது யார் என்று நண்பனை இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார்கள். "நான்தான் சார்" என்றான். அவனுக்குக் கொக்கு வரையத் தெரியாது. ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். யாருக்கும் அது தோன்றவில்லை. ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். பரீட்சை போயிற்று. அவன் திரும்பி வரவில்லை, படகேறிவிட்டான். நான் பரீட்சை எழுதினேன், பாஸானேன், உத்தியோகமும் பார்த்தேன்.

1977 மார்ச்சில் எமர்ஜென்சி முடிந்தது. அதன்பிறகு கேலிக்குக் கேடில்லை என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். பத்தே வருஷத்தில், 1987 ஏப்ரலில், ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டசபை உரிமை மீறல் என்று சொல்லி மூன்று மாதக் கடுங்காவலுக்கு அனுப்பினார்கள். குற்றம், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் திருடர்களாகக் காட்டிய ஓர் அட்டைப்பட ஜோக். ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சிதான் அதுவும். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார் அவர். நாடெங்கும் கண்டனம் எழுந்து, மூன்றாம் நாள் விடுவித்தார்கள். பிறகு வழக்குப் போட்டு ஜெயித்து, அடையாள நஷ்டஈடாகக் கிடைத்த ரூ.1,000-ஐச் செலவழிக்காமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரும் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசினார்கள். என் மனம் வேறெங்கோ போயிற்று. ஜோக்கையோ படத்தையோ போட்டவரைக் காட்டிக் கொடுக்காமல், அட்டையில் ஆசிரியர் என்று யார் பெயர் இருந்ததோ அவரே உள்ளே போனார்.

சென்ற வருஷம் கிள்ளைக் கடைத்தெருவில் நண்பனைப் பார்த்தேன். இந்தச் சந்திப்புக்கு வாடா என்றேன். "நான் எங்கடா படிச்சு முடிச்சேன்? லிஸ்ட்ல என் பேரே இருக்காது" என்றான். பார்த்தேன், உண்மைதான், இல்லை. இப்போதாவது பெயரைச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டதற்கும், "ஒருவாட்டி போட்டதே போதும்டா சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தான். சிறிது நேரம் கழித்து, "அந்தக் கொக்கு நல்லா இருந்துச்சுடா" என்றான்.

படிப்பை முடிக்காதவர்களையும் அந்தந்த வருஷப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவில் நண்பர்கள் ஆதரிக்க வேண்டும். இந்த மலருக்காக அந்தக் கொக்கை மறுபடியும் வரைந்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இடமிருந்தால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கை நடுக்கத்தில் கால் கொஞ்சம் கோணலாகிவிட்டது. இந்தத் தடவை கீழே என் பெயர் இருக்கிறது.