துவக்குக் கடையும் தேடுதல் ஆணையும்

அமெரிக்காவில் துவக்குக் கடைகளை அரசு இன்னும் இறுக்கமாகச் சோதிக்க வேண்டும் எண்டு யாராவது சொன்னால், உடனே ஒரு பெருங்கூட்டம் எதிர்க்கும். தூரத்தில இருந்து பார்க்கிற எங்களுக்கு அது விசர்க்கதை மாதிரித் தெரியும். விற்கிறது துவக்கு, சோதித்தால் என்ன? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த எதிர்ப்பின் வரலாற்றை வாசித்த பிறகு அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோன்சன் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். துவக்கு வியாபாரத்துக்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும், விற்பனைப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கடை நேரத்தில் அதிகாரிகள் வந்து பதிவேட்டையும் இருப்பையும் பார்க்கலாம். நீதிமன்ற ஆணை தேவையில்லை.

இந்த அதிகாரம் 1972இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிஸ்வெல் எண்ட அடகுக்கடைக்காரர், பூட்டியிருந்த அறையைத் திறக்கச் சொன்ன அதிகாரியிடம் தேடுதல் ஆணை எங்கே எண்டு கேட்டார். அதிகாரி சட்டத்தின் பிரதியைக் காட்டினார். அவர் திறந்துவிட்டார். உள்ளே, அவர் வைத்திருக்கக் கூடாத குழல் வெட்டிய துவக்குகள் இரண்டு இருந்தன. அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதே சோதனை வரும் எண்டு தெரியும்தானே, ஆகவே சோதனை செல்லும் எண்டது தீர்ப்பு.

எதிர்ப்பு வளர்ந்தது இதற்குப் பிறகுதான். படிவத்தில் விட்ட எழுத்துப் பிழைக்கும் கள்ளத்தனமாக விற்பதற்கும் வித்தியாசம் பார்க்காமல் வழக்குப் போடுகிறார்கள் எண்டு வியாபாரிகள் முறையிட்டார்கள். 1982இல் செனற் துணைக்குழு ஒன்றும் அந்த நடைமுறையைக் கடுமையாகக் கண்டித்தது. 1986 மே மாதம் றேகன் கையெழுத்திட்ட சட்டம் நிலைமையை மாற்றியது. ஆணையில்லாத வழக்கமான சோதனை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான். சில பதிவேட்டுக் குற்றங்களுக்குத் தண்டனை குறைந்தது. துவக்கு வைத்திருப்போரின் மத்திய பட்டியல் ஒன்றை அரசு உருவாக்கவும் தடை வந்தது.

பட்டியலுக்குப் பயப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. சுற்றிவளைப்பையும் பெயர்ப்பட்டியலையும் கண்ட சமூகம் எங்களுடையது. ஆணை எங்கே எண்டு கேட்கிற உரிமையின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சோதனை அதிகாரிகள் போதாததால் பல கடைகளுக்கு வருடக்கணக்காக யாருமே போகவில்லை. மூடப்பட்ட கடைகளின் பதிவுகள் மேற்கு வேர்ஜினியாவிலுள்ள மார்ட்டின்ஸ்பேர்க் நிலையத்துக்குப் போகின்றன. வாங்கியவரின் பெயரைத் தட்டித் தேட முடியாது. கொலைக்குப் பாவித்த துவக்கை யார் வாங்கினது எண்டு அறிய, ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2021இல் பைடன் அரசு, பின்னணிச் சோதனை செய்யாமல் விற்பது போன்ற சில மீறல்களுக்கு அனுமதிப்பத்திரத்தையே பறிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. பிழைக்கும் குற்றத்துக்கும் வித்தியாசம் இல்லையா எண்ட அதே பழைய வாதம் திரும்பவும் எழுந்தது. 2025இல் ட்ரம்ப் அரசு அந்தக் கொள்கையைக் கைவிட்டது.

எழுத்துப் பிழைக்காக ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது எண்டால் நாங்கள் வியாபாரிகளின் பக்கம். சோதனைக்கு எல்லை வேண்டும் எண்டாலும் அப்படித்தான். சோதனையே நடக்காதபடி பார்த்துக்கொள்வது வேறு விசயம். அதிகாரத்துக்குக் கடிவாளம் போடுவதையும் அதன் கண்ணைக் கட்டுவதையும் ஒண்டாக்கினால், அதற்கு விலை கொடுப்பது கடைக்காரர் அல்ல, சுடப்பட்டவரின் குடும்பம்.