தழும்புக்கு எத்தனை விழுக்காடு?

போடிநாயக்கனூரில் கிழக்கு வெளுக்கும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை எட்டினால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. வண்டிக்குள் நெருக்கியடித்து அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் ஏறி, நாளெல்லாம் குனிந்து காய் எடுத்து, பொழுது சாயும் வேளையில் இறங்குகிறார்கள். பாதி மலையில் மூடுபனி, பாதியில் வெயில். அந்த வளைவுகளில் வண்டி கவிழ்ந்த செய்தி நமக்குப் புதிதன்று.

அவ்வாறு கவிழ்ந்த வண்டியொன்றில் இருந்த ஓர் அம்மையாரை நாம் அறிவோம். நெற்றியில் தொடங்கி இடக்கன்னம் வழியாகத் தாடைவரை ஒரு தழும்பு. தலைத்துண்டை அப்பக்கமாகச் சற்று இழுத்துவிட்டே பேசுவார். இழப்பீடு ஏதும் கிடைத்ததா என்று கேட்டோம். "ஆசுபத்திரிச் செலவக் குடுத்தாக சாமி. கைகாலு நல்லாருக்கு, காய் எடுக்க முடியுதுல்ல, வேற என்னத்துக்குன்னு சொல்லிட்டாக" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட அந்த விடை சட்டப்படி சரியா, தவறா என்று தேடப்போன நாம், மிகப் பழைய காலம்வரை செல்ல நேர்ந்தது.

உடலுறுப்புக்கு ஈடு கேட்கும் வழக்கம் மறைநூலிலேயே உண்டு. அடிமையின் கண்ணைக் கெடுத்த தலைவன், கண்ணுக்கு ஈடாக அவனை விடுதலை செய்து அனுப்ப வேண்டும். பல்லை உடைத்தாலும் அப்படியே என்கிறது விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம். வேலை வாங்குவோன் மீது பொறுப்பைச் சுமத்திய மிகப் பழைய விதிகளுள் இதுவும் ஒன்று. பின்னர், திருத்தந்தை பெரிய கிரகோரியார் அனுப்பிய புனித அகுஸ்தினார் 597-இல் இங்கிலாந்தின் கெண்ட் நாட்டில் கரையிறங்கினார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னர் எத்தல்பெர்ட் ஒரு சட்டத் தொகுப்பைத் தந்தார். கட்டை விரலுக்கு 20 வெள்ளி, அறுந்த காதுக்கு 12 வெள்ளி என்று அது வரிசையாகக் கூறிச் செல்கிறது. அதில் நம்மை நிறுத்தியது கன்றிப்போன காயம் பற்றிய விதியே. ஆடைக்கு வெளியே தெரியும் காயத்துக்கு 30 காசு. ஆடைக்குள் மறையும் காயத்துக்கு 20 காசு. வலி இரண்டிலும் ஒன்றுதான். மிகுதியான பத்துக் காசு பிறர் பார்வைக்கு உரியது.

நம் தமிழ் மரபும் காயத்தை வெறும் காயமாகக் கண்டதில்லை. மார்பில் பட்டது விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்நீத்ததைப் புறநானூறு பாடுகிறது. போர்க்களத்து வடுவுக்குப் பாட்டு உண்டு, நடுகல் உண்டு. தோட்டத்தில் பெற்ற வடுவைப் பற்றி அம்மரபு பேசியதாக நமக்கு நினைவில்லை.

இயந்திரத் தொழில் பெருகிய பின்னரே வேலையிடத்துக் காயம் அரசுகளின் கவலையாயிற்று. செருமனி 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல், விபத்துக்காலத்தில் தொழிலாளருக்கு உதவும் நிதியைப் பற்றிப் பேசியது. பிரிட்டன் 1897-இல் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் பிறந்து, 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் முதல் அட்டவணை மிகச் சிறியது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் 70 விழுக்காடு, இடக்கை போனால் 60, ஒரு கண்ணுக்கு 30, கட்டை விரலுக்கு 25. வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறு விலை வைத்த அந்த அட்டவணையில் முகம் என்ற சொல்லே இல்லை. அது வியப்பும் அன்று. அச்சட்டம் ஈடுசெய்ய முன்வந்தது சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பை. முகமோ சம்பாதிக்கும் உறுப்பு அன்று.

1962-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையை அகற்றிப் புதியதொன்றை வைத்தது. இரு கைகளின் இழப்பு, பார்வை இழப்பு, முழுச் செவிடு ஆகிய நூறு விழுக்காட்டுக் காயங்களின் வரிசையில் 'மிகக் கடுமையான முகச் சிதைவு' என்பதும் இடம்பெற்றது. இது எங்கிருந்து வந்தது? முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் முகம் சிதைந்து மீண்ட வீரர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கெனவே 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் தனி மருத்துவமனை திறக்கப்பட்டு, ஹெரால்டு கில்லீஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் முகச் சீரமைப்பு அறுவைகள் நடந்தன. மிகக் கடுமையாக முகம் சிதைந்தவருக்கு முழு ஓய்வூதியம் என்று பிரிட்டிஷ் அரசு வகுத்தது. அவர் வேலை செய்ய முடியுமா என்பதை அது கேட்கவில்லை. நலமுள்ள மனிதரோடு ஒப்பிடுகையில் இவர் எதை இழந்தார் என்றே கேட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவ்வளவுகோல் அந்நாட்டுத் தொழிற்காயத் திட்டத்துக்கும் சென்றது. நம் 1962 அட்டவணையை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் கட்டை விரலுக்கு 30, சுட்டு விரலுக்கு 14, நான்கு விரல்களுக்கு 50 என எண்கள் அப்படியே பொருந்துகின்றன.

சிக்கல் இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து. மனிதர் இழந்ததை அளக்கும் கோலைக் கொண்டுவந்து, கூலி இழப்பை மட்டும் அளக்கும் சட்டத்துக்குள் வைத்துவிட்டோம். முகம் முற்றும் சிதைந்தால் சம்பாதிக்கும் ஆற்றல் முழுதும் போனதாகவே சட்டம் கொள்கிறது, நல்லது. அதற்கு ஒரு படி குறைந்த சிதைவு? அதற்கு அட்டவணையில் வரியே இல்லை. 'மிகக் கடுமையான' என்பதற்கு விளக்கமும் இல்லை. அட்டவணையில் இல்லாத காயமாயின் சம்பாதிக்கும் ஆற்றலில் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டும். ஏலக்காய் எடுப்பவருக்கு விரல்தான் கருவி. கன்னத்துத் தழும்பால் ஒரு காயும் குறைந்து எடுக்கப்போவதில்லை. ஆகவே மதிப்பீடு சுழியத்தை நோக்கியே செல்லும்.

இதன் பொருளைத் தொகையில் காண்போம். 2020 சனவரி அறிவிப்பின்படி கணக்குக்கு எடுக்கத்தக்க மாதக் கூலியின் உச்ச அளவு 15,000 ரூபாய். முழு ஊனத்துக்கு அதில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அக்காரணி 207.98. அந்தக் கூலி பெற்ற 30 வயதுப் பெண்ணின் முகச் சிதைவு 'மிகக் கடுமையானது' எனக் கொள்ளப்பட்டால் 18,71,820 ரூபாய். மருத்துவர் பத்து விழுக்காடு என்று எழுதினால் 1,87,182. ஒன்றுமில்லை என்று எழுதினால், 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த மருத்துவச் செலவோடு முடிந்தது. ஒரு பெயரடை இவ்வளவு தொகையைச் சுமந்து நிற்பது வேறெங்கும் உண்டோ, அறியோம்.

எல்லா நாடுகளும் இவ்வழியில் செல்லவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், முகம், கழுத்து, கை முதலியவற்றில் நிலைத்துவிட்ட கடுமையான உருச்சிதைவுக்கு 162 வாரங்கள் வரையிலான தொகையை அளிக்கிறது. அதற்குக் கூலி குறைந்ததென்று காட்ட வேண்டியதில்லை. தழும்பு தழும்பு என்பதாலேயே ஈடு பெறுகிறது.

நம் நீதிமன்றங்கள் சட்டத்தின் சொற்களை இரக்கத்தோடு படித்ததும் உண்டு. இடக்கையை இழந்த ஒரிசாத் தச்சர் ஒருவரின் வழக்கில், அட்டவணை விழுக்காட்டோடு நில்லாமல், ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது. எனவே இது முழு ஊனமே என்பதை உச்சநீதிமன்றம் 1975 இறுதியில் ஏற்றது. காயம்பட்டவரின் தொழிலை நோக்கிய அப்பார்வை பெரிது. ஆயினும் தொழிலைத் தடுக்காத தழும்புக்கு அதுவும் கைகொடுப்பதில்லை.

ஏலத்தோட்டத்தாருக்கு வேறு தடைகளும் இருந்தன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா ஆகியவற்றைப் பெயர் சொல்லி ஏற்றது. ஏலம் அவ்வரிசையில் சேர 1981-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தபின்னும், போடிக்காரருக்கு வேலை ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொரு மாநிலத்திலுமாகவே இருந்தன. விபத்து நடந்த இடத்து ஆணையரிடமே வழக்கிட வேண்டும் என்றிருந்த காலத்தில், காயம்பட்டவர் அந்த வளைவுகளிலேயே மீண்டும் ஏறிச் சென்று நியாயம் கேட்க வேண்டியிருந்தது. தாம் வாழும் இடத்து ஆணையரிடமே விண்ணப்பிக்கலாம் என்ற வழியை 1995-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் திறந்தது. இதனை இன்றும் அறியாதோர் நம் பங்குகளில் பலர்.

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தைப் பற்றியும் நெடுநாள் ஐயம் இருந்தது. 1958-இல் உப்பளத் தொழிலாளர் சிலர் கழியைக் கடக்கையில் படகு கவிழ்ந்து இறந்த வழக்கில் உச்சநீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. 2025 சூலையில் அதே நீதிமன்றம், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் வழிப்பயண விபத்தும் இச்சட்டத்துள் அடங்கும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதனை வெளிப்படையாகவே எழுதிவைத்துள்ளது. மலையேறும் ஜீப்புகளுக்கு இது சிறிய செய்தி அன்று.

அதே தொகுப்பு, காயங்களின் பட்டியலைப் பழையதிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டுள்ளது. 'மிகக் கடுமையான முகச் சிதைவு' என்ற வரி அதில் நூறு விழுக்காட்டோடு நிற்கிறது. அதற்குக் கீழே முகத்துக்கென வேறு வரி இல்லை. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியவை தம் தழும்புகளே என்று ஆண்டுதோறும் பாஸ்கா இரண்டாம் ஞாயிறன்று பீடத்திலிருந்து வாசிக்கிறோம். சென்ற முறை அதனை வாசிக்கையில், தலைத்துண்டை இடப்பக்கமாக இழுத்துவிட்டு அந்த அம்மையார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். மறுநாள் திங்கள், விடியுமுன் ஜீப் வந்துவிடும் என்று சொல்லித் திருப்பலி முடிந்ததும் விரைந்து சென்றார்.