நாலு ராமசாமிகள்

திண்டிவனத்தில் எனக்கொரு நண்பர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய மகளுக்கு அமெரிக்காவில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாரத்தில் முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். முதல் கட்டத்துக்குப் பெயர் தயார். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு போன். 'நடுவுல என்னப்பா போடறது? பொருத்தமா ஒண்ணு சொல்லுங்க.'

மனுஷர் மறுநாள் என்னிடம் கேட்டார்: 'நமக்கு ஏதுய்யா நடுப் பெயர்?'

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஓர் அதிகாரி வருவார். கோயில் நிர்வாகத்தை, அதாவது ஸ்ரீகாரியத்தைப் பார்த்தவர். செப்புத் திருமேனிகள் செய்து வைத்தவர். பெயர்? மூச்சுப் பிடித்துக்கொள்ளுங்கள். பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான்! முதலில் ஊர், பிறகு அப்பா, பிறகு சொந்தப் பெயர், கடைசியில் அரசன் கொடுத்த பட்டம். அப்பா ஆதித்தன், பிள்ளை சூரியன். இரண்டும் ஒன்றேதான். பொருத்தம் என்றால் இதல்லவா பொருத்தம்!

திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் இருக்கிறதே, அந்தப் பெயருடைய உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன். நடுவில் உட்கார வேண்டிய அப்பா பெயர் நமக்கு எப்போதும் முன்னால்தான். கண்டராதித்தன் என்பது தாத்தா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே!

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். பெயருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று இங்கே நடந்த கூத்தைச் சொல்ல நாலு ராமசாமிகள் போதும்.

முதல்வர், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அவருக்கு முன்னால் நின்ற ஊர், அவரையே விழுங்கிவிட்டது. சென்னையில் 'ஓமந்தூரார் தோட்டம்' என்கிறோம். ராமசாமி எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாமவர், ராமசாமி படையாட்சியார். 1952 தேர்தலில் உழைப்பாளர் கட்சியை நடத்தி 19 இடங்களைப் பிடித்தவர். 1993-ல் தென்னாற்காடு பிரிந்தபோது விழுப்புரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்: விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். தலைவர்கள் பெயர் சாதிச் சண்டையாக முற்றியதும், 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் பெயர்களை எடுத்துவிட்டார்கள். மாவட்டத்துக்கு வைத்த நடுப் பெயர் நாலே வருஷத்தில் போயிற்று.

மூன்றாமவர் ஈரோட்டுக்காரர். 1927 கடைசியில் ஈ.வெ.ராமசாமி தன் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை வெட்டினார். 1929 பிப்ரவரியில், இதே ரயில் பாதையில் வடக்கே இருக்கிற செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டத்தை எல்லோரும் விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று வடக்கே இருந்து வருகிறவர், 'உங்க சர் நேம் என்ன?' என்று கேட்டால் நாம் முழிக்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முழியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வால் போனது, தலையில் ஓர் எழுத்து மட்டும் மிச்சம்.

நாலாமவர் பிரபலம் இல்லை. அரியலூர்ப் பக்கம் அங்கனூரில் வாழ்ந்தவர். மகன் பெயர் திருமாவளவன். 2000-களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினர் வடமொழிப் பெயர்களை விட்டுத் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டார்கள். மகன் பெயர்தான் ஏற்கெனவே தமிழாயிற்றே? இடித்தது இனிஷியல். அப்பாவுக்கே தொல்காப்பியன் என்று பெயர் வைத்தார் மகன். அப்படித்தான் 'தொல். திருமாவளவன்' ஆனார். அப்பா பிள்ளைக்குப் பெயர் வைப்பதுதான் ஊர் வழக்கம். இங்கே பிள்ளை வைத்தார்!

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் உற்சாகமாகிவிட்டார். 'அப்ப மாப்பிள்ளை பேரை நடுவுல போடச் சொல்லிடறேன்' என்று மகளைக் கூப்பிட்டார்.

'ஏம்பா, பெத்தவ நானு. என் பேரு பொருத்தமா இருக்காதா?' என்றாளாம் அவள்.

இரண்டு நிமிஷம் இவருக்குப் பேச்சு வரவில்லை. நடுக் கட்டத்தில் இப்போது இருப்பது அவள் பெயர்தான்.