பேய் வீடு... ஒரு வருட வாடகைக்கு!

1937, மே 25. லண்டன் ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம். ‘பேய் வீடு என்று சொல்லப்படும் ஒரு வீட்டில் ஒரு வருடம் இரவு பகலாகக் காவல் இருந்து ஆராய்ச்சி செய்ய ஆட்கள் தேவை. ஓய்வு நேரம், புத்திசாலித்தனம், தைரியம் மூன்றும் இருக்க வேண்டும். முன்கூட்டியே எந்த முடிவோடும் வரக்கூடாது’ என்பது சாரம்.

வேலை இல்லாத யாரோ செய்த விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். விளம்பரம் கொடுத்தவர் ஹாரி பிரைஸ். பிழைப்புக்கு பேப்பர் வியாபாரம், ஆசைக்குப் பேய் ஆராய்ச்சி! மேஜிக் தெரிந்த ஆசாமி என்பதால், ஆவிகளோடு பேசுவதாகக் கதைவிட்ட பலரைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ஆவிகளைப் போட்டோ எடுப்பதாகச் சொல்லிக் காசு பார்த்த வில்லியம் ஹோப் என்பவரின் குட்டு 1922-ல் உடைந்தது இவரால்தான்.

விளம்பரத்தில் சொன்ன வீடு, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் போர்லி என்ற குக்கிராமத்தில் இருந்த பாதிரியார் பங்களா. 1860-களின் தொடக்கத்தில் ஹென்றி புல் என்ற பாதிரியார் கட்டியது. அவருக்குக் குழந்தைகள் 14 பேர்! ‘அந்தக் காலத்தில் இங்கே ஒரு மடம் இருந்தது. அங்கிருந்த துறவிக்கும் பக்கத்து மடத்து கன்னியாஸ்திரிக்கும் காதல். துறவியைக் கொன்றார்கள், அவளை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினார்கள்’ என்று ஊரில் ஒரு கதை. 1900, ஜூலை 28 அன்று அந்தி நேரத்தில் அந்த கன்னியாஸ்திரியைத் தோட்டத்தில் பார்த்ததாகப் பாதிரியாரின் மகள்கள் நான்கு பேர் சொன்னார்கள். மடம் இருந்ததற்குச் சரித்திர ஆதாரம் எதுவும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது வேறு விஷயம்!

1928-ல் ஸ்மித் என்ற பாதிரியாரும் மனைவியும் குடிவந்தார்கள். அலமாரியைச் சுத்தம் செய்யப்போன அம்மணிக்கு, பிரவுன் பேப்பரில் சுற்றிய ஒரு மண்டையோடு கிடைத்தது. பயந்துபோன தம்பதி, மறு வருடம் ‘டெய்லி மிரர்’ பத்திரிகைக்கு எழுதினார்கள். பத்திரிகை ஹாரி பிரைஸை அனுப்பியது.

அவர் வந்து சேர்ந்ததுமே கல் பறந்தது, ஜாடி உடைந்தது. அவர் கிளம்பியதும் எல்லாம் கப்சிப்! ‘இது அந்த மனுஷன் கைவேலைதானோ என்று எனக்கு அப்போதே சந்தேகம்’ என்று பின்னாளில் திருமதி ஸ்மித் சொன்னார்.

1930-ல் வந்தவர்கள் ஃபாய்ஸ்டர் தம்பதி. கணவர் வயதானவர், மூட்டுவலிக்காரர். மனைவி மரியான் அவரைவிட 20 வயதுக்கு மேல் இளையவர். இவர்கள் இருந்த ஐந்து வருடத்தில் சுமார் 2,000 அமானுஷ்ய சம்பவங்கள்! பாட்டில்கள் பறந்தன, ஜன்னல்கள் உடைந்தன. மரியானின் பெயரைச் சொல்லி உதவி கேட்கும் கிறுக்கல்கள் சுவரில் முளைத்தன.

இவர்களும் காலி செய்த பிறகுதான் பிரைஸ் வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தார். விண்ணப்பித்தவர்களில் 48 பேரைப் பொறுக்கினார். பெரும்பாலும் மாணவர்கள். பொருட்களைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு, நகர்கிறதா என்று பார்த்தார்கள். வெப்பநிலையைக் குறித்தார்கள். எல்லாம் பக்கா.

ஆனால் ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? ஒவ்வொருவர் கையிலும் பிரைஸ் ஒரு கையேடு கொடுத்திருந்தார். என்ன செய்ய வேண்டும் என்பதோடு, முன்பு இந்த வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்பதும் அதில் இருந்தது. பழைய வீடு, எலிகள், காற்று, நடுராத்திரி. ‘காலடிச் சத்தம் கேட்கும்’ என்று படித்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் காதில் மரப்பலகை முனகினால் என்னவாகக் கேட்கும்? முடிவோடு வராதே என்று விளம்பரம் கொடுத்தவரே, முடிவைக் கையில் கொடுத்து அனுப்பினார். அப்படியும் பல இரவுகள் சும்மாவே கழிந்தன.

1939 பிப்ரவரியில் வீடு எரிந்தது. புதிய சொந்தக்காரர், எண்ணெய் விளக்கு தவறி விழுந்தது என்றார். வேண்டுமென்றே வைத்த தீ என்றது இன்ஷூரன்ஸ் கம்பெனி! மறு வருடம் ‘இங்கிலாந்தின் மிகப்பெரிய பேய் வீடு’ என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து பிரைஸ் எழுதிய புத்தகம் வெளிவந்து பரபரப்பாகப் பேசப்பட்டது. கணக்கு பார்க்கிறவரே கடையில் பங்குதாரராகவும் இருந்தால், கணக்கு எப்படி இருக்கும்?

1943-ல் நிலவறையைத் தோண்டி இரண்டு எலும்புகளை எடுத்து, இளம்பெண்ணுடையவை என்றார் பிரைஸ். ‘அது பன்றி எலும்பு’ என்று போர்லிக்காரர்கள் தங்கள் கல்லறையில் இடம் தர மறுத்தார்கள். பக்கத்து லிஸ்டன் கிராமத்தில்தான் புதைக்க முடிந்தது.

1948-ல் பிரைஸ் காலமானார். அதன் பிறகு ஒரு நிருபர் வாய் திறந்தார். 1929-ல் தன் மீது கல் விழுந்தபோது பிரைஸைப் பிடித்து சோதித்ததாகவும், அவர் கோட்டுப் பையில் கற்கள் இருந்ததாகவும் சொன்னார். ‘சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்’ உறுப்பினர்கள் மூவர் முழு வழக்கையும் மறுபடி துருவி, 1956-ல் பிரைஸின் ஆராய்ச்சியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே சொசைட்டியின் ராபர்ட் ஹேஸ்டிங்ஸ் 1969-ல் பிரைஸுக்காக வாதாடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரியான்? ஆவி எதையும் தான் பார்த்ததில்லை என்று பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். சத்தங்களுக்குக் காரணம் காற்று, வீட்டுக்கு வந்த நண்பர்கள், சில சமயம் கணவரிடம் தானே செய்த குறும்பு!

கரண்ட் இல்லாத பிரமாண்டமான வீடு, நோயாளிக் கணவர், பேச ஆளில்லாத கிராமம். அங்கே ஐந்து வருடம் கிடந்த ஓர் இளம்பெண் எப்படி இருக்கிறாள் என்று யாரும் ஆராயவில்லை. எல்லோரும் தெர்மாமீட்டரும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கன்னியாஸ்திரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1944-ல் மிச்சமிருந்த சுவர்களும் இடிக்கப்பட்டன. ஆனால் போர்லிக்குப் பேய் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் மட்டும் அதன் பிறகும் ஓயவில்லை. பேய்க்கு வீடுகூடத் தேவையில்லை போலிருக்கிறது... நம்புவதற்கு நாலு பேர் இருந்தால் போதும்!